ஆளுக்கொரு நட்டு

மரம் அறுக்கும் மெஷின் ஒன்றின் முக்கால் பங்கு எங்கள் வீட்டில் இருந்தது. மீதிக் கால் பங்கு சுவருக்கு அந்தப் பக்கம், என் கொழுந்தன் வீட்டில். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தச் சுவர் எழுந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட எனக்கே பல நாள் சிரிப்பு வந்திருக்கிறது.

மாமனார் அந்த மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போய் மரம் அறுத்துக் கொடுத்தவர். அவர் காலமான பிறகு அண்ணனும் தம்பியும் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். நாற்காலிகள் சரிபாதி, ஏணி இவருக்கு, பெரிய கட்டில் அவருக்கு என்று எல்லாம் சுமுகமாகத்தான் போனது. மெஷின் என்று வந்தபோதுதான் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"அப்பா கை பட்ட பொருள். மூத்தவனுக்குத்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்பா கூடப் போய் வெயில்ல கிளை பிடிச்சவன் நான்" என்றார் கொழுந்தன்.

பாகம் பிரித்து வைக்க வந்த சின்ன மாமனாருக்கு அது பசி வேளை. "எஞ்சின் பெரியவனுக்கு, பட்டையும் சங்கிலியும் சின்னவனுக்கு. எழுந்திருங்கடா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பட்டை என்றால் சங்கிலி சுற்றி ஓடும் அந்த நீளமான இரும்பு. அதை எஞ்சினோடு சேர்த்து இறுக்குவதற்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு நட்டுகள் உண்டு. அந்தப் புண்ணியவான்கள் அதையும் விடவில்லை. ஆளுக்கொரு நட்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். தன் நட்டுக்கு எண்ணெய் பூசி, காலி மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினார். எனக்கு ஒரு மோதிரத்தைக்கூட அப்படி வைத்துக் கொடுத்ததில்லை. கொழுந்தன் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். தன் நட்டைக் கடை மேஜையின் இழுப்பறையில் பல் போன சீப்புகளோடு போட்டுவிட்டார். அது தண்ணீர் பட்டுப் பட்டு நன்றாகத் துருவேறிப்போனது. எஞ்சின் எங்கள் பரண்மேல் தூசியில் கிடந்தது. பட்டை அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எலிக்குக் காவல் நின்றது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

பெண்கள் நாங்கள் அந்தப் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடவில்லை. சுவர் கட்டிய கொத்தனார் சாரம் கட்டுவதற்காக ஒரு செங்கல் அளவுக்குத் துளை விட்டிருந்தார். அடைக்க வந்தவரிடம், "காத்து வரட்டும், அப்படியே விடுங்க" என்று நான்தான் சொன்னேன். என் தையல் மெஷினுக்கு நேர் மேலே அந்தத் துளை. அந்தப் பக்கம் என் ஓரகத்தியின் சமையலறை. நூல்கண்டு, சர்க்கரை, தலைவலி மாத்திரை, ஊர்க்கதை எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வரும். அவள் சைக்கிள் கடைக்காரரின் மகள். வாயும் கையும் ஒருசேர ஓடும். நான் துணி வெட்டிக்கொண்டே பேச, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பதில் சொல்ல, பகல் பொழுது போவதே தெரியாது. எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. இருந்திருந்தாலும் இவ்வளவு பேசியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அந்தத் துளை வழியாகத்தான் ஒரு நாள் அவள் சொன்னாள். "அக்கா, அவர் கடைப் பக்கத்துல வீடு பாத்துட்டாரு. ஞாயித்துக்கிழமை லாரி வருது."

என் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்தில் என் வீட்டுக்காரர் தன் மூன்று சக்கர வண்டியை அவர்கள் சமையலறை ஜன்னலை ஒட்டி நிறுத்துவார். காலையில் கிளப்பினால் புகை முழுவதும் அவர்கள் அடுப்படிக்குள் போகும். கொழுந்தன் என்னிடம் சொல்ல, நான் இவரிடம் சொல்ல, "ஏன், அவன் வந்து என்கிட்ட சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று இவர் கேட்க, அது அங்கேயே நின்றுபோகும். கடைசியில் அது வீட்டைக் காலி செய்வதில் வந்து முடிந்தது.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"என்னை யாரு கேட்டா?" என்றாள் அவள். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் சந்து முனையில் இருந்த வாகை மரம் வேரோடு சாய்ந்து வழியை அடைத்துக் கிடக்கிறது. லாரி உள்ளே வர முடியாது. இவருடைய மூன்று சக்கர வண்டி வெளியே போக முடியாது. நகராட்சிக்குப் போன் செய்தால், ஊரெல்லாம் மரம் விழுந்திருக்கிறது, ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கூலிக்கு அறுப்பவர்கள் போனையே எடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம். ஒரு வாரத்தில் எவ்வளவோ பேசி மனதை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மரத்துக்கு ஒரு கும்பிடுகூடப் போட்டேன்.

கொழுந்தன் மரத்தின் அந்தப் பக்கம் நின்று, யாரையோ சொல்வது போல, "போறவனுக்குப் போறதுக்குக்கூட வழியில்ல இந்த வீட்டுல" என்றார்.

என் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "அவன்கிட்ட சொல்லு" என்றார் என்னிடம். கொழுந்தன் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "போறவன் தாராளமா போகட்டும். வழி நான் வெட்டித் தரேன். பட்டையையும் சங்கிலியையும் கொண்டு வரச் சொல்லு."

நான் சொல்லவில்லை. எனக்கு என்ன பைத்தியமா? ஆனால் கொழுந்தனுக்குத்தான் காது இருக்கிறதே. உள்ளே போய்ப் பட்டையைக் கொண்டுவந்து, என் துணி வெட்டும் மேஜையைச் சந்துக்கு இழுத்து, அதன்மேல் டணாரென்று வைத்தார். இவர் பரணிலிருந்து எஞ்சினை இறக்கினார். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. நடுவில் நான், தபால்காரி மாதிரி.

எஞ்சின் இருந்த கோலத்தைப் பார்த்தால் கல்லும் கரையும். பெட்ரோல் டாங்கைத் திறந்தால் உள்ளே பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. டாங்குக்குள் போகும் ரப்பர் டியூப் தொட்டதும் உதிர்ந்தது. சைலன்சருக்குள் குளவி மண்ணைக் குழைத்துக் குடும்பமே நடத்தியிருந்தது. "பாத்தீங்களா, குளவிகூட பாகம் பிரிக்காம ஒரே கூட்டுல இருந்திருக்கு" என்றேன்.

இவர் கார்ப்ரேட்டரைப் பிரித்தார். அதற்குள் இருந்த மெல்லிய ரப்பர் தகடு காய்ந்த இலை போல விறைத்திருந்தது. பெட்ரோலை உறிஞ்சிக் கொடுப்பதே அந்தத் தகடுதானாம். கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. எனக்கு மறுபடியும் நம்பிக்கை வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் எதையும் தூக்கிப்போடாத ஜாதி. யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன புல் வெட்டும் மெஷின் ஒன்று அவர் பட்டறையில் இருந்தது. அதிலிருந்து தகடு, டியூப் இரண்டையும் கழற்றிப் பொருத்திவிட்டார்.

அந்தப் பக்கம் கொழுந்தன் உருண்டை அரத்தை வைத்துச் சங்கிலியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதன் பற்கள் ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிச் சாய்ந்திருக்கும். அவர் ஒரு பக்கத்துப் பற்களையெல்லாம் முதலில் முடித்து, பிறகு பட்டையையே திருப்பி வைத்து மறுபக்கம் ஆரம்பித்தார். ஒவ்வொரு பல்லுக்கும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

"யாருக்கோ கிருதா செதுக்கற மாதிரி பாக்கறான். சீக்கிரம் முடிக்கச் சொல்லு" என்றார் இவர்.

"ஒரு பல்லு குட்டையா போச்சுன்னா மெஷின் கோணலா அறுக்கும். தெரிஞ்சா பேசச் சொல்லுங்க அண்ணி" என்றார் அவர்.

"நான் டீ போடப் போறேன். நீங்களே பேசிக்குங்க" என்று நான் எழுந்துவிட்டேன்.

அடுப்பில் தண்ணீர் வைத்த நேரத்தில்தான் அது நடந்தது. கயிறு இழுத்துக் கிளப்பும் மூடியை இவர் திறந்திருக்கிறார். உள்ளே சுருட்டி வைத்திருக்கும் எஃகுச் சுருள் எப்போது பாயலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது போல எகிறியிருக்கிறது.

"பிடிடா!" என்று ஒரு கத்தல் கேட்டது.

"பிடிச்சிட்டேண்ணே! நீங்க கையை எடுங்க, கையை எடுங்க!"

நான் ஓடிவந்து பார்த்தேன். இரண்டு பேரும் மேஜைமேல் குப்புறக் கவிழ்ந்து, நான்கு கைகளாலும் அந்த மூடியை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். மூக்கோடு மூக்கு இடிக்காத குறை. தன் சமையலறை ஜன்னலிலிருந்து ஓரகத்தியும் எட்டிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேசிவிட்டார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஒரு சுருள்வில்லின் தயவால்.

பிறகு அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது. மறுபடி, "அவன்கிட்ட சொல்லு" ஆரம்பமானது. ஆனால் பழைய சுருதி இல்லை. இற்றுப்போன கயிற்றுக்குப் பதிலாக நான் திரைச்சீலைக்கு வைத்திருந்த நைலான் கயிற்றைக் கேட்டார்கள். சங்கிலிக்கு எண்ணெய் போகும் துளை அடைத்திருந்தது, அதைக் குத்தி எடுக்க என் சாக்கு ஊசியைக் கேட்டார்கள். கொடுத்தேன். என் கயிறு, என் ஊசி, என் மேஜை. எல்லாவற்றையும் கொடுத்து நானே என் ஓரகத்தியை வழியனுப்பிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்து ஊற்றி, இவர் கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. இழுத்தார். இருமியது. கொழுந்தன் கை மாற்றி இழுத்தார். நீலப் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் ஒரேயடியாக அலறியது. தெருவே திரும்பிப் பார்த்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் முகத்திலும் ஒரே சிரிப்பு, மாமனார் போட்டோவில் இருக்கிற அதே சிரிப்பு. அடுத்த நொடியே இரண்டும் மறைந்துவிட்டன.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பட்டையையும் சங்கிலியையும் மாட்டினார்கள். கடைசியில் நட்டு. அதற்கும் ஒரு பஞ்சாயத்து.

"முன் நட்டு மூத்தவனோடது" என்றார் இவர்.

கொழுந்தன் தன் துருப்பிடித்த நட்டைப் பின்னால் போட்டுத் திருகினார். மாத்திரை டப்பாவிலிருந்து வந்த பளபளப்பு முன்னால் ஏறியது. இருட்டிவிட்டதால் காலையில் அறுக்கலாம் என்று, என் பழைய துணி ஒன்றால் மெஷினை மூடி மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் எழுந்து சந்தில் தண்ணீர் தெளிக்க வந்தவள் நான். துணியைத் தூக்கிப் பார்த்தேன். பளபள நட்டு பின்னால் இருந்தது. துரு நட்டு முன்னால் இருந்தது.

எனக்கு மெஷினைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. துணியைப் பழையபடி போர்த்திவிட்டு உள்ளே வந்தேன். துளை வழியாக ஓரகத்தி டீ டம்ளரை நீட்டினாள். அவள் நகக்கண் எல்லாம் கறுப்பு. கிரீஸ். சைக்கிள் கடையில் வளர்ந்தவளுக்கு ஒரு சங்கிலியைக் கழற்றி மாட்டுவது என்ன பெரிய வேலையா?

"கை கழுவலையா?" என்று கேட்டேன்.

"பாத்திரம் தேய்ச்சேன் அக்கா" என்றாள், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி. கண் மட்டும் சிவந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

எட்டு மணிக்கு இவர் மெஷினைக் கிளப்பி மரத்தின்மேல் வைத்தார். ஒரே சத்தம், புகை. மரத்தூள் மட்டும் வரவில்லை. மரத்தின்மேல் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். கருகல் வாசனை அடித்தது. இவர் இன்னும் அழுத்தினார். வாகை மரம் அசைந்து கொடுக்கவில்லை. இதற்குள் தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

இவர் மெஷினை அணைத்துவிட்டு, "நேத்து முழுக்க ஒரு கண்ண மூடிக்கிட்டுத் தீட்டினாரே, அந்த லட்சணம் இதுதான்" என்றார்.

கொழுந்தன் விறுவிறுவென்று வந்து சங்கிலியைக் குனிந்து பார்த்தார். "தீட்டினதுல ஒரு குறையும் இல்ல. சங்கிலி திரும்பியிருக்கு. மேல ஓடற பல்லு பட்டையோட நுனியைப் பாத்து இருக்கணும், இது எஞ்சினைப் பாத்து இருக்கு. நான் சரியாத்தான் மாட்டினேன்."

இவரும் குனிந்தார். அப்போதுதான் நட்டைப் பார்த்தார். "என் நட்டு எப்படிடா பின்னாடி போச்சு?"

"அப்ப நீங்கதான் கழட்டியிருக்கீங்க!"

"நான் எதுக்குடா கழட்டணும்?"

"நான் போகக் கூடாதுன்னு!"

"நீ போறதுக்குத்தானடா வழி வெட்டிக்கிட்டு இருக்கேன்! நீதான் மாத்தியிருப்பே. என்னை ஊர் முன்னாடி கோமாளியாக்கிட்டுப் போகலாம்னு!"

எள்ளும் கொள்ளும் வெடித்தது. இத்தனை வருஷம் என் மூலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிவைத்த கோபமெல்லாம் இப்போது நேரடியாகவே போய்ச் சேர்ந்தது. வண்டிப் புகை, கட்டில், அப்பாவின் கடைசிக் காலம், யார் மருந்து வாங்கினது, எல்லாம் வந்தது. இனி லாரி வராவிட்டாலும் இவர்கள் தலையில் சாமானைச் சுமந்துகொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். சொல்லிவிடலாமா, சொன்னால் அவளைக் காட்டிக் கொடுத்ததாகிவிடுமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, ஓரகத்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி மரத்தருகே வந்து நின்றாள்.

"நான்தான் திருப்பி மாட்டினேன்" என்றாள்.

இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"நீயா?" என்றார் கொழுந்தன். "ஏன்?"

"எனக்குப் போக இஷ்டமில்ல."

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க என்கிட்ட கேட்டீங்களா? புது வீட்டுக்காரரைக் கேட்டீங்க. லாரிக்காரரைக் கேட்டீங்க. கடைக்கு முடி வெட்ட வர்றவங்களையெல்லாம், 'அந்தப் பக்கம் தண்ணி நல்லா வருமா'ன்னு கேட்டீங்க. நான் காலைல எழுந்து யாரோட பேசுவேன்னு கேட்டீங்களா?" குரல் உடைந்துவிட்டது. "அங்க சுவத்துல ஓட்டையா இருக்கு?"

எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கிரீஸ் என் கையிலும் ஒட்டியது. "காலையிலயே நட்டைப் பாத்துட்டேன். நானும் வாயத் திறக்கல. எனக்கும் இவ போறதுல இஷ்டமில்ல. இப்ப சொல்லிட்டேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவன்கிட்ட சொல்லு" என்றார் என்னிடம். "வண்டிய இனிமே தெருவுலயே நிறுத்திக்கறேன்னு."

"அவர் உங்க மூக்குக்கு நேர நிக்கறாரு. நான் இந்த வேலைய விட்டுட்டேன். நீங்களே சொல்லுங்க."

இவர் தம்பி பக்கம் திரும்பினார். "வண்டிய வெளிய நிறுத்திக்கறேன்டா. போகாத."

அண்ணன் நேராகச் சொல்லும் இப்படி ஒரு வார்த்தைக்காக அவர் இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார் என்று கொழுந்தன் முகத்தைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஸ்பேனரை எடுங்கண்ணே. முதல்ல சங்கிலியத் திருப்புவோம்" என்றார்.

சரியாக அப்போது மரத்துக்கு அந்தப் பக்கத்தில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி வந்து மரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்ன சார், சாமான் ஏத்தணும்னு சொன்னீங்க. இந்த மரத்தத் தாண்டி எப்படி எடுத்துட்டு வருவீங்க?"

"சாமான் இல்லீங்க. இந்த மரத்தத்தான் ஏத்தணும்" என்றார் கொழுந்தன்.

டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆமாங்க. இதுதான் காலி பண்ணுது" என்றேன்.

அடுத்த முறை மெஷினை வைத்தபோது வாகை மரம் சோப்புக் கட்டி போல இறங்கியது. வெள்ளைத் தூள் சந்து முழுக்கப் பறந்தது. அண்ணன் அறுக்க, தம்பி கிளையைப் பிடித்தார். பிறகு தம்பி அறுக்க, அண்ணன் பிடித்தார். மாலைக்குள் மூன்று தெருக்காரர்கள் வந்து, தங்கள் வாசலில் விழுந்த மரத்தையும் அறுத்துத் தரும்படி கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் ஓரகத்தியும் தூளைப் பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போய், சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் உட்கார்ந்துவிட்டோம்.

லாரி மரத்தை ஏற்றிக்கொண்டு போன பிறகு எனக்குப் பழைய பயம் வந்தது. வேலை முடிந்ததும் மெஷினைக் கழற்றி அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஸ்பேனரை எடுத்து என் தையல் மெஷின் இழுப்பறையில் பாபின்களுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் மேஜைக்கு ஒரே பக்கத்தில் உட்கார்ந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனின் கை சட்டென்று நின்றது.

"அண்ணே, சங்கிலியத் திருப்பி மாட்டினப்ப கவனிக்கலையா? என் நட்டு முன்னாடியே இருக்கு."

"கவனிச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர். "இருக்கட்டும்டா."

ஸ்பேனரை யாரும் கேட்கவில்லை. இன்னும் என் இழுப்பறையில்தான் கிடக்கிறது.